எட்டா, பதினாறா? ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரி திறக்கும் நேரம் வந்தால் எனக்கு இந்த போன் வராமல் இருக்காது. இந்த முறை அழைத்தது அக்கா. மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டே பேசினாள்.

"தம்பி, மூணு லேப்டாப் எடுத்து வச்சிருக்காங்க. ரெண்டுல எட்டு ஜிபி ரேமாம், ஒண்ணுல பதினாறாம். பதினாறுக்கு ஒம்பதாயிரம் கூடச் சொல்றாங்க. நெசமாவே அவ்வளவு வித்தியாசம் இருக்கா?"

"அந்த எட்டு ஜிபி ரெண்டுலயும் பின்னாடி ரேம் சேர்க்க முடியுமான்னு கேளுக்கா."

கடைக்காரர் "எல்லாத்துலயும் போட்டுக்கலாம்க்கா" என்று சொல்வது எனக்கே கேட்டது. சரி, பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் படி என்றேன். முதல் மடிக்கணினியின் சீட்டில் ரேம் வகை 'எல்பிடிடிஆர்5' என்று இருந்தது. இரண்டாவதில் 'டிடிஆர்4', இரண்டு ஸ்லாட், அதாவது ரேமைச் செருகும் இடங்கள். மூன்றாவது, பதினாறு ஜிபிக்காரன், மறுபடியும் 'எல்பிடிடிஆர்5'.

அந்த 'எல்பி' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் அநேகமாக எப்போதும் ஒரே அர்த்தம்தான். ரேம் சில்லுகள் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கழற்ற முடியாது. அந்த மாடலில் தனியாக ஒரு ஸ்லாட் வைத்திருந்தாலொழிய, வாங்கும் நாளில் என்ன அளவோ அதுதான் கடைசிவரை. ஆக அக்கா முன்னால் இருந்தவை உண்மையில் இவை: என்றைக்கும் எட்டாகவே இருக்கப் போகிற ஒன்று, இன்றைக்கு எட்டு ஆனால் நாளைக்கு வளரக்கூடிய ஒன்று, கூடுதல் காசுக்கு இன்றைக்கே பதினாறாக வருகிற ஒன்று. எட்டா பதினாறா என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேடையும் பரணும்

"ஐந்நூத்திப் பன்னிரண்டு ஜிபி இருக்கே, அப்புறம் இந்த எட்டு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, பரண் மாதிரி. வருஷக்கணக்கில் எதைப் போட்டு வைத்தாலும் அப்படியே இருக்கும். ரேம் என்பது அடுப்பு மேடை. இப்போது சமைப்பதற்குத் தேவையானது மட்டும் அதில் இருக்கும். நீங்கள் ஒரு நிரலைத் திறந்தால், அது பரணிலிருந்து மேடைக்கு வருகிறது.

மேடை நிறைந்துவிட்டால் கணினி உடனே நின்றுவிடாது. இப்போதைக்குத் தொடாத பாத்திரங்களைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி இறக்கும். விண்டோஸில் அதற்குப் பேஜ் ஃபைல் என்று பெயர், லினக்ஸில் ஸ்வாப். சிக்கல் அந்த ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லி விநாடி, லட்சம் மடங்கு. மேடையில் இருக்கும் உப்பு டப்பாவை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். எஸ்எஸ்டிப் பரணிலிருந்து அதே டப்பாவை இறக்கக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க் பரண் என்றால் ஒரு நாளும் சில மணி நேரமும்.

ரேம் விஷயத்தில் முடிவெடுக்க இந்த ஒரு கணக்கு போதும். போதுமான ரேம் இருக்கும்வரை இன்னும் கொஞ்சம் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றும் மாறாது. பத்து ஜிபி வேலை செய்கிறவருக்குப் பதினாறும் ஒன்றுதான், முப்பத்திரண்டும் ஒன்றுதான். ஆனால் தேவைக்குக் கீழே இறங்கிவிட்டால் வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. பள்ளத்தில் விழுவதுபோல விழுகிறது. 'ரேம் கூடக் கூட வேகம் கூடும்' என்று கடையில் சொல்வது இதனால்தான் பாதி உண்மை. உங்கள் தேவை எவ்வளவு என்று தெரியாமல் அந்த மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் தேவையை எப்படி அளப்பது

ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. மாதத்தில் உங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகத் திறப்பது எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி.

முதலில் கண்ணில் படும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 70 சதவீதம் நிரம்பியிருப்பது நோயின் அறிகுறி இல்லை. கீழே 'கேச்டு' என்று ஒரு எண் இருக்கும். அடுத்து நீங்கள் கேட்கக்கூடும் என்று விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவை அவை. இடம் தேவைப்பட்ட கணமே விட்டுக்கொடுத்துவிடும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. லினக்ஸ்காரர்கள் 'ஃப்ரீ' கட்டளையைப் போட்டுவிட்டு 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பதறுவார்கள். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தி. மேக் வைத்திருந்தால் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்ற வரைபடம் இருக்கும். அது பச்சையாக இருந்தால் கவலை இல்லை, மஞ்சளும் சிவப்பும் அடிக்கடி வந்தால் பற்றாக்குறை.

விண்டோஸில் நான் பார்ப்பது 'கமிட்டட்' என்ற எண். '10.8/13.2' என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் மொத்த இடம். என்னுடைய பழைய எட்டு ஜிபி மடிக்கணினியில் ஒரு சனிக்கிழமை மாலை பார்த்த எண் இது. குரோமில் இருபது டேப், ஒரு விரிதாள், ஒரு காணொலி அழைப்பு, அவ்வளவுதான் திறந்திருந்தது. கேட்டது 10.8, ரேமோ 8. கேட்டதெல்லாம் அப்படியே பயன்படுவதில்லை, கொஞ்சத்தை விண்டோஸ் சுருக்கியும் வைத்துக்கொள்ளும். ஆனாலும் டேப் மாறும்போதெல்லாம் இரண்டு மூன்று விநாடி வெள்ளைத் திரை வந்ததற்குக் காரணம் அந்த எண்ணிலேயே தெரிந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். அந்தத் திரையின் மூலையில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு 2.1 ஜிபி' என்று இருந்தது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில், படம் காட்டும் வேலைக்கும் ரேமிலிருந்தே பங்கு போகிறது. சில மாடல்களில், முக்கியமாக ஏஎம்டி நிறுவனத்தின் சில்லுள்ளவற்றில், அந்தப் பங்கை முதலிலேயே வெட்டி எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். எட்டு என்று வாங்கினேன், கையில் வந்தது ஆறுக்கும் குறைவு. எட்டு ஜிபி மாடல் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

யாருக்கு எவ்வளவு

நான்கு ஜிபியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு நான்கு என்பது உண்மைதான். அதில் விண்டோஸ் ஓடும், நம் வேலை ஓடாது. வீட்டில் பழைய நான்கு ஜிபி மடிக்கணினி கிடந்தால், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் ரேமைத் தொடும் முன் எஸ்எஸ்டி மாற்றுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி, பரணின் உயரத்தைக் குறைப்பதே அங்கே பெரிய லாபம்.

எட்டு ஜிபி செத்துவிட்டது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மடிக்கணினியிலும் எட்டு ஜிபிதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பட்டப்படிப்பை முடிக்கப் போகிற பிள்ளைகள் லட்சக்கணக்கில். கட்டுரை எழுத, பாடம் பார்க்க, டேலி போட, சி, பைத்தான் பழக எட்டு போதும். ஆனால் அதில் ஒழுங்காக இருக்க வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

பதினாறுதான் இன்றைக்குப் பெரும்பாலோருக்குப் பொருத்தமான அளவு. தயாரிப்பாளர்களே அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த, செயற்கை நுண்ணறிவு வசதி கொண்ட கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 16 ஜிபி கட்டாயம். எட்டு ஜிபியே போதும் என்று வெகுநாள் சொல்லிவந்த ஆப்பிளும் அதே ஆண்டு அக்டோபரில் மேக் வரிசையின் தொடக்க அளவைப் பதினாறாக்கியது. ஃபோட்டோஷாப்புக்கு அடோபி பரிந்துரைப்பது 16. போன் செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை, கணினிக்குள்ளேயே ஒரு போனைப்போல ஓடும் எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட கூகுள் கேட்கும் குறைந்தபட்ச அளவும் 16. செயலி எழுதப் படிக்கிற பிள்ளைக்கு எட்டு ஜிபியில் அந்த எமுலேட்டரைத் திறந்து காட்டினால், வித்தியாசம் வார்த்தையில் சொல்லத் தேவையிருக்காது.

முப்பத்திரண்டு யாருக்கு என்றால், அதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு வேலை உங்களிடம் இருக்க வேண்டும். கல்யாண வீடியோவை 4கே-யில் வெட்டி ஒட்டுகிறவர், ஒரே கணினிக்குள் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழகுகிறவர், செயற்கை நுண்ணறிவு மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்ட நினைப்பவர். 800 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட ஒரு மாடலை, ஓர் எண்ணுக்கு நான்கு பிட் என்ற அளவுக்குச் சுருக்கினாலும் அது மட்டுமே ஐந்து ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு வேலை இல்லாமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று முப்பத்திரண்டு வாங்குவதைவிட, அந்தக் காசை நல்ல திரைக்கோ பெரிய எஸ்எஸ்டிக்கோ கொடுப்பது மேல்.

சேர்ப்பதா, புதிதாக வாங்குவதா

இங்கேதான் என் பழைய ஆலோசனையை நான் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. 'ஸ்லாட் உள்ள எட்டை வாங்கு, ஒரு வருஷம் கழித்து மலிவாக இன்னொரு எட்டைச் சேர்' என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ரேம் விலை காலப்போக்கில் இறங்கும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. 2025-இன் பிற்பகுதியில் அது தலைகீழானது. உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான எச்பிஎம் என்ற விலை உயர்ந்த நினைவகத்துக்கு அவை தங்கள் ஆலைகளைத் திருப்பிவிட, நாம் வாங்கும் சாதாரண ரேமுக்குத் தட்டுப்பாடு வந்து விலை பல மடங்கு ஏறியது. டிசம்பரில் மைக்ரான், வீட்டுப் பயனாளர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் குருஷியல் தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது. எத்தனையோ பேருக்குக் குருஷியல் போடச் சொன்னவன் நான், வருத்தமாகத்தான் இருந்தது.

அதனால் இப்போதைய வழி இது. கடையில் நிற்கும்போதே, அந்த மாடலுக்குப் பொருந்தும் எட்டு ஜிபி ரேம் தனியாக என்ன விலை என்று கேளுங்கள். எட்டு ஜிபி மடிக்கணினியும் அந்த ரேமும் சேர்ந்த தொகையைப் பதினாறு ஜிபி மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள். தனி ரேம் வாங்குவதே அதிகம் என்று வந்தால், பதினாறு உங்களுக்கு உறுதியாகத் தேவைப்படும் என்றும் தெரிந்தால், பற்றவைத்த பதினாறையே எடுக்கலாம். தேவை உறுதியில்லை என்றால் காலி ஸ்லாட் உள்ளதுதான் இன்னும் என் தேர்வு. பற்றவைத்த எட்டை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கூட இரண்டாயிரம் மிச்சமாகிறது என்றாலும் வேண்டாம்.

ஏற்கெனவே உள்ள கணினியில் சேர்ப்பதென்றால் வகை சரியாக இருக்க வேண்டும். டிடிஆர்4 இருக்கும் இடத்தில் டிடிஆர்5 உட்காராது. தவறிக்கூட மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அடிப்பக்க வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி திரையில் வேகமும் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியும் இருக்கும். அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பற்றவைத்த சில்லுகளையும் சில மாடல்கள் ஸ்லாட் என்று எண்ணிக் காட்டும். பக்கத்திலேயே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது.

ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். டிடிஆர்4-3200 ரேம் (3200 என்பது அதன் வேகம்) ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவல் போய்வரும். அதே வகையில் இரண்டு மாட்டினால் பாதை இரண்டாகி 51.2 ஆகும். எழுதுவது படிப்பதில் இது தெரியாது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ செய்தால் நன்றாகவே தெரியும். இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருப்பதே அத்தகைய கணினிக்கு நல்லது.

மாட்டும் வேலை பெரிதில்லை. பவர் ஒயரை உருவி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேமைச் சாய்வாக உள்ளே செருகி, மெதுவாகக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் உள்ள கொக்கி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பொன்னிற முனைகளில் விரல் படக் கூடாது. கணினி பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரை வராமல் நின்றால், சர்வீஸ் கடைகளில் முதலில் செய்வது ரேமைக் கழற்றி அந்த முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுவதுதான். எங்கள் தெருமுனைக் கடையில் அப்படி உயிர்வந்த கணினிகளை நானே பார்த்திருக்கிறேன். முனையில் படிந்த அழுக்கு போய்த் தொடர்பு சரியாகிவிடுகிறது. புது ரேம் போட்ட அன்று விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பழுதான ரேம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம்.

இருப்பதை வைத்துக்கொண்டு

எட்டு ஜிபியில் வாழ்பவருக்கு என் முதல் யோசனை உலாவியைக் கவனியுங்கள் என்பது. குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (உலாவியில் நாம் சேர்க்கும் துணை நிரல்) எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒரு வருஷமாகப் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் முந்நூறு எம்பி பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நீங்களே நீக்கிவிடுவீர்கள். செட்டிங்ஸில் மெமரி சேவரைப் போட்டுவிட்டால் தொடாத டேப்கள் தாமாகத் தூங்கிவிடும். எட்ஜிலும் இதே வசதி ஸ்லீப்பிங் டேப்ஸ் என்ற பெயரில் உண்டு.

அடுத்து, கணினி எழும்போதே கூட எழும் நிரல்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் பிரிண்டர் உதவியாளன், இரண்டு மூன்று அரட்டைச் செயலிகள், விளையாட்டு அங்காடி என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். தேவையில்லாததை அணைத்துவிடலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

ஷட் டவுன் கொடுத்தால் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதி வைத்து, அடுத்த நாள் அதையே எடுத்துக்கொள்கிறது. முழுதாகத் துடைப்பது ரீஸ்டார்ட்தான். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். 'ரேம் கிளீனர்', 'ரேம் பூஸ்டர்' என்று வரும் நிரல்களை மட்டும் போட வேண்டாம். அவை மேடையில் இருப்பதையெல்லாம் பரணுக்குத் துரத்திவிட்டுக் காலி எண்ணைக் காட்டுகின்றன. அடுத்த நிமிஷம் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியது உங்கள் கணினிதான்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். போனை அக்கா மகளிடம் கொடுக்கச் சொல்லி, முதல் வருஷப் பாடம் என்ன என்று கேட்டேன். சி, அப்புறம் பைத்தான் என்றாள். ஆண்ட்ராய்டு மூன்றாம் ஆண்டில்தான் வருகிறதாம். அப்படியென்றால் இன்றைக்கு அவளுக்கு எட்டு போதும். பதினாறு தேவைப்பட இரண்டு வருஷம் இருக்கிறது. இரண்டாவது மடிக்கணினியை எடுக்கச் சொன்னேன். பணம் கட்டும் முன் அதை இயக்கிக் காட்டச் சொல்லி, டாஸ்க் மேனேஜர் திரையைப் படம் எடுத்து அனுப்பு என்றேன்.

பத்து நிமிஷத்தில் படம் வந்தது. எட்டு ஜிபி, 3200, எஸ்ஓடிம், ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2. ஒதுக்கப்பட்டது 0.3 ஜிபிதான். கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஒரு ஸ்லாட் காலி மாமா. அம்மா பில் போடச் சொல்லிட்டாங்க."